டெல்ஃபிக்குப் போனால் முதலில் காலடியைப் பாருங்கள்

கிரேக்க நாட்டின் டெல்ஃபி, அந்தக் காலத்தில் அப்போலோ சாமியிடம் குறி கேட்கப் போன இடம். வாசலைத் தாண்டியதும் கூட்டம் மொத்தமும் மேலே தெரியும் அப்போலோ கோயிலின் ஆறு தூண்களைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடுகிறது. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. டெல்ஃபியின் கதை பாதி அந்த நுழைவாயிலருகே வெறும் கல்பீடங்களாகக் கிடக்கிறது.

பாரசீகரை மாரத்தானில் வென்றதற்காக ஏதென்ஸ் இங்கே சிலைகள் வைத்தது. கி.மு. 405இல் அதே ஏதென்ஸின் கப்பற்படையை ஒழித்த ஸ்பார்ட்டா, பக்கத்திலேயே அதைவிடப் பெரிய சிலை வரிசை வைத்தது. அதில் தளபதி லைசாண்டருக்குக் கடல் தெய்வம் பொசைடனே முடிசூட்டுவார். பிறகு ஸ்பார்ட்டாவை மடக்கிய ஆர்க்கேடியர்களும் அதே வாசலில் தங்கள் சிலைகளை நிறுத்தினார்கள். வெண்கலமெல்லாம் போய்விட்டது. பீடத்தின் மேல் குனிந்து பாருங்கள், சிலைகளின் பாதம் பொருத்திய குழிகள் தெரியும். இங்கே பூசாரியாக இருந்த புளூட்டார்க் எழுதிய உரையாடல் ஒன்றில், கிரேக்கரைக் கிரேக்கரே கொன்று அடித்த கொள்ளையில் பத்திலொரு பங்கு சாமிக்குக் காணிக்கையா என்று ஒருவர் மனம் கசந்து பேசுகிறார்.

இன்னும் மேலே முறுக்கிய பாம்புத் தூண் வரும். 2015இல் வைத்த நகல்தான், ஆனாலும் நின்று பாருங்கள். கி.மு. 479இல் பிளாட்டீயாவில் பாரசீகரை வென்றதும் ஸ்பார்ட்டாத் தளபதி பௌசானியாஸ் காணிக்கையில் தன் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டார். ஸ்பார்ட்டாக்காரர்களே அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சேர்ந்து போரிட்ட 31 ஊர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். மேலிருந்த தங்கத்தைப் பிற்பாடு இந்த வட்டாரத்துப் போக்கிஸ்காரர்கள் கூலிப்படைச் சம்பளத்துக்காக உருக்கிவிட்டார்கள். அசல் வெண்கலத் தூண் இஸ்தான்புல்லில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் குறி கேட்பது நினைத்த நேரத்தில் நடக்காது. மாதத்தில் ஒரே நாள், ஏழாம் தேதி. குளிர்காலம் மூன்று மாதம் அதுவும் இல்லை. முதலில் பலி ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். உடல் முழுக்க நடுங்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். (நம்மூர்க் கிடாவெட்டிலும் இதே வழக்கம்தானே!) ஒருமுறை ஆடு நடுங்கவில்லை. வந்தவர்களைத் திருப்பியனுப்ப மனமில்லாமல் தண்ணீரை ஊற்றி ஊற்றி நடுங்க வைத்தார்கள். உள்ளே போன பித்தியா, அதாவது குறி சொல்லும் பெண், அலறிக்கொண்டு ஓடிவந்து விழுந்தாள், சில நாளில் இறந்தாள். இதையும் புளூட்டார்க்தான் எழுதி வைத்திருக்கிறார்.

‘உன்னை அறி’, ‘எதிலும் மிஞ்சாதே’ என்ற வாசகங்கள் இருந்தது இந்தக் கோயிலின் முன்மண்டபத்தில்தான். இப்போது தேடினால் கிடைக்காது. சாக்ரடீஸைவிட ஞானி உண்டா என்று நண்பர் கைரபோன் கேட்டு, இல்லை என்று பதில் வாங்கியதும் இங்கேதான். அந்தப் பதிலைச் சோதிக்கத்தான் ஊரெல்லாம் கேள்வி கேட்கத் தொடங்கினேன் என்று வழக்கு மன்றத்தில் சொன்ன சாக்ரடீஸ், மூன்று போர்க்களங்களில் நின்ற காலாட்படை வீரரும்கூட.

செலவுக்கு வருவோம். ஏஜென்சி டூர் வேண்டவே வேண்டாம், பணம் தண்டம். ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். டாக்ஸிக்காரரிடம் ‘லியோசியோன்’ பஸ் நிலையம் என்று அழுத்திச் சொல்லுங்கள்; கீஃபிசோஸ் நிலையத்தில் இறக்கிவிட்டால் பஸ்ஸும் போச்சு, இன்னொரு டாக்ஸிக் காசும் போச்சு. மீட்டர் போடாவிட்டால் ஏறாதீர்கள். கடைசி பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். இடிபாடுகளுக்கும் மியூசியத்துக்கும் ஒரே டிக்கெட். காலையில் நேராக ஸ்டேடியம் வரை ஏறிவிட்டு, உச்சிவெயிலில் மியூசியத்துக்குள் போவதுதான் சரி. குளிர்காலத்தில் பிற்பகலிலேயே பூட்டிவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு, பக்கத்து ஊர் அராஹோவாவின் ஃபோர்மாயேலா சீஸ். தட்டையாக வெட்டிச் சுட்டு, சூட்டோடு எலுமிச்சை பிழிந்து தருவார்கள். வெளியே மொறுமொறு, கடித்தால் பல்லில் நறுக்கென்று இழுக்கும். சைவக்காரர்கள் வெள்ளைப் பீன்ஸ் ‘யீகாந்தஸ்’ஸை வைத்து நிறைவாகச் சாப்பிடலாம்.

காரில் வருகிறவர்கள் வழியிலுள்ள லிவாதியாவிலிருந்து கொஞ்சம் விலகிப் போய் கைரோனியாவில் நிறுத்துங்கள், புளூட்டார்க் பிறந்த ஊர். சாலையோரத்திலேயே பெரிய கல் சிங்கம், காசில்லாமல் பார்க்கலாம். கி.மு. 338இல் மாசிடோனியாவின் பிலிப்பிடம் தோற்று மடிந்த தீப்ஸ் வீரர்களின் சமாதி என்பார்கள். அடியில் தோண்டியபோது 254 எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடந்தன. அந்தச் சிங்கத்தின் மேல் ஒரு எழுத்துகூடப் பொறிக்கவில்லை.