விடிஞ்சா பேசிக்கலாம்

போன சனிக்கிழமை பசங்களுக்கு டென்ட் வாங்க ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போனேன், பக்கத்து கவுன்ட்டர்ல ஒருத்தர் டிரைவிங் லைசென்ஸ நீட்டி ஃபார்ம் நிரப்பிட்டு நின்னாரு, நான் டென்ட் பாத்து பில் போட்டு வெளிய வர்றதுக்குள்ள அவரு துப்பாக்கிப் பெட்டியோட பார்க்கிங்ல போய்ட்டிருக்காரு. டெக்சாஸ் வந்து 6 வருஷம், எல்லாம் பழகிடுச்சுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அன்னிக்கு வயித்த கலக்கிடுச்சு.

சியாட்டில்ல இருக்க சித்தி பையன்கிட்ட சொன்னா, அங்க துப்பாக்கி வாங்கினா கைக்கு வர 2024 ஜனவரியிலேர்ந்து 10 வேலை நாள் காத்திருக்கணுமாம். கலிஃபோர்னியால 10 நாள், ஹவாய்ல 14. டெக்சாஸ்ல ஒரு நாளும் கிடையாது. 1994ல அமெரிக்க அரசோட பிரேடி சட்டம்னு ஒண்ணு கைத்துப்பாக்கிக்கு 5 வேலை நாள் வச்சிருந்துச்சு, 1998ல உடனே செக் பண்ற கம்ப்யூட்டர் முறை வந்ததும் அதையும் எடுத்துட்டாங்க. ஆள் யாருன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும், அன்னிக்கு அவன் மனசு எப்படி இருக்குன்னு அது எப்படிங்க சொல்லும்?

ஆபீஸ்ல இதப் பேசினப்ப ஒரு அம்மா கேட்டாங்க, "பழைய புருஷன் மிரட்டுறான், 10 நாள் நான் என்ன பண்ணுவேன்?" நியாயமான பயம், எனக்கு சட்டுனு பதில் வரல. ஆனா இந்த நாட்டுல துப்பாக்கியால சாகறதுல பாதிக்கு மேல தற்கொலை, அத நெனச்சா என் மனசு காத்திருக்க வைக்கிற பக்கம்தான் போகுது.

எனக்கு காட்டுமன்னார்கோயில் பக்கம். வயலுக்கு அடிக்கிற மருந்து அப்பல்லாம் வீட்டுலயே கெடக்கும். எங்க தெருவுல ஒரு அக்கா, ஒண்ணுமில்லாத சண்டை, ஒரே ராத்திரி, போய்டுச்சு. விடியற வரைக்கும் அது கைக்கு எட்டாம இருந்திருந்தா இன்னிக்கு பேரன் பேத்தி எடுத்திருக்கும். பின்னாடி எங்க தாலுகாவுலயே தற்கொலையத் தடுக்க வேலை செய்ற சினேகா அமைப்பு ரெண்டு கிராமத்துல பொதுவா ஒரு இடம் கட்டி, அவங்கவங்க மருந்த பெட்டில பூட்டி வைக்கிற மாதிரி பண்ணாங்க. வேணும்னா அங்க நடந்து போகணும், அவ்ளோதான். அந்த நடைதாங்க இங்க 10 நாள்.

வீட்டுல எவ்ளோ பெரிய சண்டைன்னாலும் அம்மா "விடிஞ்சா பேசிக்கலாம், போய் படு"ன்னு வெளக்க அணைச்சிடும். திண்ணைல படுத்தா வீராணம் ஏரிக் காத்து வரும், எதுக்குக் கோவப்பட்டோம்னே மறந்து தூங்கிடுவோம்.

நேத்து போன்ல அம்மாகிட்ட அந்தக் கடைய பத்தி சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டுச்சு, "அந்தக் கடை ராத்திரிலயும் தொறந்திருக்குமா தம்பி?"