ஒரிஜினல் கையில் இல்லை

ஜூன் 22, ஞாயிறு

பி.எட். விண்ணப்பம் சான்றிதழ் பதிவேற்றுகிற பக்கத்தில் வந்து நிற்கிறது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் டிஜிலாக்கரில் கிடைத்துவிட்டன. சாதிச் சான்று ஆன்லைனில் எடுத்ததுதான், கவலை இல்லை. மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பி.எஸ்சி. மார்க் ஷீட், எம்.எஸ்சி. மார்க் ஷீட், புரொவிஷனல், டி.சி. எல்லாவற்றையும் போன வருஷம் வேலைக்குச் சேரும்போதே வாங்கிக்கொண்டார்கள். “வெரிஃபை பண்ணிட்டுத் தந்திருவோம் மிஸ்” என்றார் ஆபீஸ் அக்கா. இன்னும் வெரிஃபை ஆகிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 23

கரஸ்பாண்டென்ட் ஊரில் இல்லை. குற்றாலத்தில் சாரலாம்.

ஜூன் 25

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா முறத்தில் சின்ன வெங்காயத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். நானும் உரித்தேன். விண்ணப்பம் போட்டாச்சா என்று கேட்டாள். பாதி என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, தன் கதைக்குப் போய்விட்டாள். எனக்கு மனப்பாடமான கதைதான், ஆனால் இந்த வாரம் அதைக் கேட்க வயிற்றைக் கலக்குகிறது.

பி.எட். ஒரே வருஷமாக இருந்த காலத்தில் படித்தவள். 2013 டெட்டில், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வில், 150-க்கு 94. அப்போது தொண்ணூறு எடுத்தால்தான் தேர்ச்சி. தெருவில் எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை, இரண்டு தடவை போய் வாங்கினேன். மறு வருஷம் வெயிட்டேஜ் என்றார்கள். பிளஸ் டூ மார்க், டிகிரி மார்க், பி.எட். மார்க் எல்லாம் சேர்த்துக் கணக்கு. அக்கா படித்த காலத்தில் பிளஸ் டூவில் யாருக்கும் மார்க்கை அள்ளிக் கொடுக்கவில்லை. அதில் பின்னால் போனாள். 2018-இல் அரசாணை 149 வந்தது. டெட் தேறியவர்களும் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் அவளுக்குக் கல்யாணம், இரண்டு பிள்ளை, ஒரு ஆபரேஷன்.

“அப்ப நான் எதுக்குக்கா இதைப் படிக்கணும்?”

“எழுதினாலும் வயசு போகும், எழுதாட்டாலும் வயசு போகும். எழுதிக்கிட்டே போகட்டுமே.”

சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கமில்லை. நான் எழுதப்போவது டெட் இல்லை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர் வேலைக்கான பி.ஜி. டி.ஆர்.பி. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியருக்கு டெட் கேட்பதில்லை, எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் எழுதலாம். அக்கா கதை வேறு, என் கதை வேறு. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 26

பத்தாம் வகுப்பு, இயக்க விதிகள். டம்ளர் மேல் கல்யாணப் பத்திரிகை அட்டை, அட்டை மேல் ஐந்து ரூபாய் நாணயம். ஒரு பையனைக் கூப்பிட்டு அட்டையைச் சுண்டச் சொன்னேன். அட்டை ஜன்னல் பக்கம் பறந்தது, காசு டம்ளருக்குள் விழுந்தது. ஏன் காசும் கூடப் போகவில்லை என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மிஸ், இப்ப அந்தக் காசு யாருக்கு?”

வகுப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அதுவரை டி.சி. ஞாபகமே வரவில்லை.

ஜூன் 28

ஒரு போன். நம்பர் எப்படிக் கிடைத்ததோ. பி.எட். சேரணுமா மேடம், ரெகுலர் காலேஜ், யுனிவர்சிட்டி சர்ட்டிபிகேட், ஆனால் வரவேண்டாம். பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும். “அட்டெண்டன்ஸ நாங்க பாத்துக்கிடுவோம். ரெக்கார்டு நோட்டு எழுதித் தரவும் ஆள் இருக்கு, அதுக்குத் தனி.” மொத்தம் தொண்ணூறாயிரம், மூன்று தவணை.

எனக்கு மாசச் சம்பளம் ஒன்பதாயிரம். பி.எட். முறையாகச் சேர்ந்தால் வேலையை விட வேண்டும். காலையில் வகுப்பு, அப்புறம் பள்ளிகளில் இருபது வாரம் பயிற்சி, எந்தக் கரஸ்பாண்டென்டும் அதற்கு லீவு தரமாட்டார். இரண்டு வருஷத்துச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்த ஆள் கேட்பது லாபம்தான். கணக்கு சரியாக வருவதுதான் பயமாக இருக்கிறது.

வைத்துவிட்டேன். நம்பரை அழிக்கவில்லை.

ஜூன் 29

அப்பா அஞ்சல் வழியில் படிக்கலாமே என்கிறார். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே பயிற்சி முடித்த ஆசிரியர்களுக்குத்தான் என்று சொன்னேன். “நீயும் வேலையிலதான இருக்க தாயி” என்றார்.

ஜூன் 30

கரஸ்பாண்டென்ட் வந்துவிட்டார். மத்தியானம் அரை மணி நேரம் வெளியே நிற்கவைத்து உள்ளே கூப்பிட்டார். மேஜையில் தினத்தந்தி, பக்கத்தில் பாதி குடித்த இளநீர். விஷயத்தைச் சொன்னேன். நல்லா படிங்கம்மா, படிப்புதான் முக்கியம் என்றார். சந்தோஷப்படத் தொடங்கும்போது அடுத்த வாக்கியம் வந்தது. வருஷ நடுவில் போவதாக இருந்தால் மூன்று மாசச் சம்பளத்தைக் கட்டிவிட்டு ஒரிஜினலை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஏப்ரல் வரை இருந்து பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். காட்டுங்க சார் என்றேன். பீரோ சாவி அவருடைய மச்சானிடம் இருக்கிறதாம்.

சான்றிதழை அடகுப் பொருள்போலப் பிடித்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ராத்திரி அதைத்தான் தேடிப் படித்தேன். உயர் நீதிமன்றத்துக்கு மதுரையில் கிளை இருக்கிறது, இங்கேயிருந்து நூறு கிலோமீட்டர். கரஸ்பாண்டென்ட் அறை என் வகுப்பிலிருந்து இருபது அடி.

ஜூலை 1

இருபத்தேழாயிரம்.

ஜூலை 4

பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒரு வழி சொன்னார். எம்.எஸ்சி. சேரும்போது ஸ்கேன் எடுத்தது ஏதாவது மெயிலில் கிடக்கும், தேடிப் பாரும்மா என்றார். கிடந்தது! பி.எஸ்சி. மார்க் ஷீட் அத்தனையும் கலரில். எம்.எஸ்சி.க்கு ஒரு ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் போட்ட ஸ்கேன். டி.சி. மட்டும் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ, ஓரத்தில் என் கட்டைவிரலோடு. அண்ணன் விரலை வெட்டி எடுத்துச் சரிசெய்து கொடுத்தார். ஓ.டி.பி. வர முக்கால் மணி நேரம். அதற்குள் மூன்று பேர் பட்டா சிட்டா எடுத்துவிட்டுப் போனார்கள், ஒரு பாட்டி ஆதாரில் பெயர் திருத்தினாள்.

பணம் கட்டியாயிற்று. விண்ணப்ப எண் வந்துவிட்டது. ஆனால் சேரும் நாளில் ஒரிஜினல் கேட்பார்கள்.

ஜூலை 6

அம்மாவிடம் இன்னும் இருபத்தேழாயிரத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறதாம். விரல் நுனியில் மருந்து வாசனையோடு எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

ஜூலை 9

கடைசித் தேதியை நீட்டித்துவிட்டார்கள். முன்கூட்டியே போட்டவளுக்கு இதில் என்ன ஆறுதல்? இன்னும் ஆள் சேர்வார்கள், தரவரிசையில் எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

ஜூலை 13

இன்று முழுக்கக் கல்லூரிப் பட்டியல். ஒரு நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி.

தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரி ஏழு, அரசு உதவிபெறுவது பதினான்கு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டாயிரம் இடம். கேட்க நிறையத் தெரியும். அதைத் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், வரலாறு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் இட ஒதுக்கீட்டில் பிரித்தால் ஒரு கல்லூரியில் என் பாடத்தில் என் பிரிவுக்கு வருவது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கொரோனா பேட்ச் என்பதால் எனக்கு பி.எஸ்சி.யில் நல்ல மார்க். அந்த மார்க் என் பேட்ச்சில் எல்லாருக்கும் நல்ல மார்க். வீட்டிலிருந்து எழுதிய பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டை இக்னேஷியஸ் என்றால் தினமும் பஸ்ஸில் போய்வரலாம், ஒன்றேகால் மணி நேரம். சேவியர்ஸும் அதே ஊர். தூத்துக்குடியில் அன்னம்மாள், வ.உ.சி. இரண்டும் உண்டு, அதுவும் பஸ் தூரம்தான். மதுரை தியாகராசர் என்றால் ரயில் பாஸ். இவை எல்லாமே உதவிபெறும் கல்லூரிகள். இயற்பியலில் கலந்தாய்வுக்கு எத்தனை இடம் வருமோ. அரசுக் கல்லூரி என்று பார்த்தால் பக்கத்தில் ஒன்றும் இல்லை. புதுக்கோட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம், வேலூர், கோவை, சென்னை. எல்லாமே ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் டியூஷன் எடுக்க முடியாது. டியூஷன் இல்லை என்றால் தம்பி பாலிடெக்னிக் பீஸ்.

அம்மா எட்டிப் பார்த்து, சென்னையில ரெண்டு எழுதியிருக்கியே, அங்க யாரு இருக்கா என்றாள். லேடி வில்லிங்டன் பழைய கல்லூரி, நல்ல பெயர், பெண்கள் மட்டும்தான் என்று சொன்னேன். “பேரு நல்லாத்தான் இருக்கு.” அதோடு சரி.

பாளையங்கோட்டை முதலில். புதுக்கோட்டை இரண்டாவது.

ஜூலை 14

புதுக்கோட்டை முதலில்.

ஜூலை 17

மாமா வந்தார். எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு மறுபடியும் ஒரு வருஷ பி.எட். வரப்போகிறதாம், எதற்கு அவசரப்பட்டு இரண்டு வருஷத்தை வீணாக்குகிறாய், ஒரு வருஷம் பொறு என்றார். ஆசிரியர் படிப்புகளுக்கு விதி போடுகிற என்.சி.டி.இ. வரைவு விட்டிருப்பது உண்மைதான், நானும் படித்தேன். வரைவு எப்போது விதியாகும், விதி எப்போது இங்கே பல்கலைக்கழகத்துக்கு வரும், எந்தக் கல்லூரிக்கு அனுமதி கிடைக்கும்? மாமாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. கூடவே இன்னொன்றும் சொன்னார்: பி.எட். முடித்தால் ஒண்ணாங்கிளாஸ் டீச்சராகவும் போகலாம், வேலை சுலபம். அது முடியாது மாமா, ஒன்று முதல் ஐந்து வரைக்கும் பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். அப்படியா, யார் சொன்னா என்றார். உச்ச நீதிமன்றம் என்றேன் மறுபடியும்.

போகும்போது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, வரன் பார்க்க ஆரம்பிக்கலாமே என்றாராம். அதுதான் வந்த விஷயம். பி.எட். எல்லாம் முன்னுரை.

ஜூலை 20

காய்ச்சல். ஒன்றும் எழுத முடியவில்லை. பத்தாம் வகுப்பு யூனிட் டெஸ்ட் பேப்பர் நாற்பத்திரண்டும் கட்டிலில் கிடக்கிறது.

ஜூலை 24

அந்த வராமலே பி.எட். ஆள் மறுபடி கூப்பிட்டார். எண்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டார். ஒரிஜினல் இல்லாவிட்டாலும் இப்போதைக்கு ஜெராக்ஸ் போதுமாம்! யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

என் பள்ளியிலேயே அப்படி வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் பிள்ளை கேள்வி கேட்டால் “சிலபஸ்ல இல்ல, உக்காரு” என்பார். பி.எட். கல்லூரிக்குத் தினமும் போயிருந்தால் மாறியிருப்பாரா என்றால், அதையும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு வகுப்பெடுத்த எத்தனையோ பேர் முறையாகப் படித்தவர்கள்தான், அவர்களும் உட்காரத்தான் சொன்னார்கள். ஆனாலும் யாராவது ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பாடம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். இங்கே திரும்பி நின்று எழுதுகிறாய், அந்தப் பிள்ளையைக் கவனிக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வருஷத்தில் என் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தது கரஸ்பாண்டென்ட் மட்டும்தான், அதுவும் பீஸ் கட்டாதவர்களை எழுப்பி நிறுத்த.

நம்பரை அழித்தேன்.

ஜூலை 28

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “படிச்ச சர்டிபிகேட்ட மீட்கவா துட்டு?” என்றாள். ஏலச்சீட்டை இந்த மாசம் தள்ளி எடுத்தால் எவ்வளவு கழியும் என்று விரலில் எண்ண ஆரம்பித்தாள். வேண்டாம் என்று கத்தினேன். நான் கத்தியிருக்க வேண்டாம், ஆனால் எனக்கு அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 31

தரவரிசை வந்துவிட்டது. மோசமில்லை. நல்லது என்றும் சொல்ல முடியாது. பாளையங்கோட்டை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அக்கா தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். முன்னால் இருக்கிறவர்களில் பாதிப் பேர் சென்னை, கோவை எடுத்துக்கொள்வார்கள், நீ கவலைப்படாதே என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வருஷமா லிஸ்ட் பாக்கேன், எனக்குத் தெரியாதா என்றாள்.

ஆகஸ்ட் 2

அப்பா பலசரக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டார். திங்கட்கிழமை என்னோடு பள்ளிக்கு வருகிறாராம். வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்து வைத்திருக்கிறார். சண்டை போடாதீங்கப்பா என்றேன். நான் எங்க சண்டை போட்டேன், எழுத்துல குடுங்கன்னு மட்டும் கேக்கப்போறேன் என்கிறார். மூன்று மாசச் சம்பளம் கேட்பதை எழுத்தில் கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனுவும் எழுதி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார். கொடுப்பதற்கு இல்லையாம், பை கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிந்தால் போதுமாம்.

கல்லூரி விருப்பம் பதிவதும் திங்கட்கிழமையே தொடங்குகிறது. பட்டியலை இன்றைக்கு முடித்துவிட வேண்டும். பாளையங்கோட்டை, தூத்துக்குடி, மதுரை, புதுக்கோட்டை. இல்லை, புதுக்கோட்டை மூன்றாவது. மதுரைக்கு ரயில் பாஸ் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அக்கா கூப்பிடுகிறாள், மீதி அப்புறம்