ஆயிரம் ரூபாய்த் தாளில் இருப்பவர்

மொரீசியஸில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் அத்தை மகன், மாற்றாமல் பையிலேயே தங்கிவிட்ட சில பணத்தாள்களை என் மேசைமேல் பரப்பிவைத்து, "இதில் தமிழ் எங்கே இருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம்" என்றார். அதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக, இந்திக்கு முன்பாக, தொகை தமிழில் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த வரிசைக்கே ஒரு வரலாறு உண்டு. 1998-ல் புதிய தாள்களை வெளியிட்டபோது தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னே வைத்துவிட்டார்கள். வடஇந்தியத் தொழிலாளர்களுக்கு வெகு காலம் முன்பே அந்தத் தீவுக்கு வந்தவர்கள் தாங்கள் என்று தமிழர்கள் கொதித்தெழ, அச்சிட்ட தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசையிலேயே புதிதாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

தமிழைப் பார்த்து மகிழ்ந்த பிறகு, அன்றிரவு என் கவனம் அந்தத் தாள்களில் இருந்த முகங்களின்மேல் சென்றது. நூறு ரூபாய்த் தாளில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன். தமிழ் வழிவந்த வழக்கறிஞர், தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவர், கல்வி அமைச்சராக இருந்தவர், விடுதலையைக் காணாமல் 1958-ல் மறைந்தவர். இருநூறில் அப்துல் ரசாக் முகமது, ஐந்நூறில் சுக்தேவ் பிசுந்தயாள், ஆயிரத்தில் கயேத்தான் துவால். இரண்டாயிரம் ரூபாய்த் தாளை மட்டும் அத்தை மகன் விமான நிலையத்திலேயே மாற்றிவிட்டாராம். முதல் பிரதமர் சீவூசாகர் ராம்கூலம் இருப்பது அதில்தான். இவர்களுள் துவால், நாடு விடுதலை அடையக் கூடாது என்று தேர்தலில் நின்று போராடியவர்.

தீவின் முற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டச்சுக்காரர்கள் 1598-ல் வந்து பெயர் வைத்தார்கள். 1710-ல் கைவிட்டுப் போனார்கள். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1810-ல் ஆங்கிலேயர்கள் அவர்களிடமிருந்து பறித்தார்கள். பறித்தவர்கள், பிரெஞ்சுச் சட்டத்தையும் மொழியையும் சொத்துகளையும் அப்படியே விட்டுவைப்பதாக ஒப்புக்கொண்டதால், கொடி மாறியும் கரும்புத் தோட்டங்கள் பிரெஞ்சு வழிவந்த முதலாளிகளின் கையிலேயே இருந்தன. 1835-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது இழப்பீடு பெற்றவர்களும் அவர்களே. அடிமைகளாக இருந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. அடிமைகளின் இடத்தை நிரப்ப 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர். மக்களில் பெரும்பான்மையினராகிவிட்ட பிறகும் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பதுதான் அடுத்து வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

1885-ல் வந்த அரசியலமைப்பு, சொத்தோ குறிப்பிட்ட வருமானமோ உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குக் கொடுத்தது. 1936-ல் தொழிற்கட்சி தோன்றியது; மறு ஆண்டே தோட்டங்களில் கலவரமும் துப்பாக்கிச்சூடும் நடந்தன. 1943 செப்டம்பர் 27-ல் பெல் வ்யூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள்மீது காவலர்கள் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களுள் ஒருவர் கருவுற்றிருந்த பெண்; பெயர் அஞ்சலை. நம் ஊர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகும் பெண்களிடையே சர்வ சாதாரணமாகக் கேட்கிற அந்தப் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கம் ஒன்று இன்று அதே பெல் வ்யூவில் இருக்கிறது.

விடுதலைக்கான உண்மையான திருப்பம் என்று நான் கருதுவது, விடுதலை கிடைத்த 1968-ஐ அன்று, 1948-ஐத்தான். தீவில் வழங்கும் ஏதேனும் ஒரு மொழியில் எளிய வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும், ஆணோ பெண்ணோ, வாக்களிக்கலாம் என்று அந்த ஆண்டு விதி மாறியது. தமிழில் எழுதினாலும் செல்லும், இந்தியில் எழுதினாலும் செல்லும். இதைப் பிடித்துக்கொண்டவர்கள் பாஸ்தேவ் பிசுந்தயாளின் ஜன் ஆந்தோலன் இயக்கத்தார்; ஐந்நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் சுக்தேவ் இவருடைய தம்பி. அந்த இயக்கத்தின் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று, பகலெல்லாம் கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளுக்கு எழுதுகோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியது. சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 19 இடங்களில் பாதிக்கு மேல் இந்திய வழியினர் வென்றார்கள். ஆளுநரோ தம் பங்குக்கு 12 பேரை நியமித்து அந்த வெற்றியின் பலனை மட்டுப்படுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் வாக்குரிமை 1959-ல் வந்தது.

வாக்கு விரிய விரிய, அச்சமும் விரிந்தது. ஆங்கிலேயர்கள் போய்விட்டால் இந்துக்களின் ஆட்சியாகிவிடும் என்று அஞ்சிய, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களையும் பிரெஞ்சு வழியினரையும் துவாலின் கட்சி தன் பக்கம் திரட்டி, பிரிட்டனோடு இணைந்தே இருப்போம் என்றது. ராம்கூலத்தின் தொழிற்கட்சி, சுக்தேவ் பிசுந்தயாளின் கட்சி, ரசாக் முகமதுவின் முஸ்லிம் கட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து விடுதலைக் கூட்டணியாக நின்றன. இரண்டாயிரமும் ஐந்நூறும் இருநூறும் ஒரு பக்கம், ஆயிரம் மறுபக்கம் என்று நான் மேசைமேல் தாள்களைப் பிரித்துவைத்துப் பார்த்தேன், இல்லாத இரண்டாயிரத்துக்குப் பதில் ஒரு வெற்றுக் காகிதத்தை வைத்து. 1967 ஆகஸ்ட் 7-ல் நடந்த தேர்தலில் கூட்டணிக்கு 39 இடங்கள், துவாலுக்கு 23. இடக்கணக்கு தெளிவானதுதான், ஆனால் வாக்களித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 44 பேர் விடுதலை வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள்.

ஆட்சேபம் இத்தனை வலுவாக இருந்ததை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இரண்டு ஆண்டுகள் முன்பு லண்டனில் நடந்தது விளங்கும். விடுதலையை முடிவு செய்வதற்கு முன் மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது துவால் தரப்பின் கோரிக்கை. அப்படி நடந்தால் என்ன ஆகுமோ என்ற கவலை ராம்கூலத்துக்கு இருந்தது. 1965 செப்டம்பர் 23-ல் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் அவரைத் தனியே சந்தித்தார். அதற்கு முந்தைய நாள் வில்சனுக்கு அவருடைய தனிச்செயலர் எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியாயிற்று: விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் காட்டி, மொரீசியஸோடு சேர்த்து ஆளப்பட்டுவந்த சாகோஸ் தீவுகளை விட்டுக்கொடுக்காவிட்டால் அது கிடைக்காமலே போகலாம் என்று ராம்கூலத்தை அஞ்சவைப்பதே சந்திப்பின் நோக்கம் என்கிறது அது. அவற்றுள் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காகவே அந்தத் தீவுகள் தேவைப்பட்டன. ராம்கூலம் இசைந்தார், நவம்பர் 8-ல் சாகோஸ் பிரிட்டனின் தனிக் காலனியாக அறிவிக்கப்பட்டது, மொரீசியஸுக்குக் கிடைத்தது 30 லட்சம் பவுண்டு. அவரைக் கோழை என்று எழுதுவோர் உண்டு. தம் மக்களிலேயே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் உடன்வர மாட்டார்கள் என்று அறிந்த ஒருவர், அந்த அறையில் எவ்வளவு தூரம் பிடிவாதம் பிடித்திருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சொல் வரவில்லை. ஆனாலும் கொடுக்கப்பட்டது அவருடைய வீடு அன்று, சாகோஸ் மக்களின் வீடு.

1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயியில் முஸ்லிம்களுக்கும் கிரியோல்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, பிரிட்டிஷ் படை வரவழைக்கப்பட்டது. மார்ச் 12-ல் ஷான் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலில், நம்மைப்போல் நள்ளிரவில் அல்லாமல், உச்சி வேளையில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்ற நான்கு பட்டைக் கொடி ஏறியது. அரச குடும்பத்தின் சார்பில் வரவேண்டியிருந்த இளவரசி அலெக்சாண்ட்ரா, கலவரத்தின் காரணமாக வரவில்லை. மறு ஆண்டே ராம்கூலமும் துவாலும் கூட்டணி அமைத்தார்கள். எந்த நாடு வேண்டாம் என்றாரோ அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சரானார் துவால். 1992-ல் குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவராகச் சில மாதங்கள் இருந்தவர் தமிழ் வழிவந்த வீராசாமி ரிங்காடு.

சாகோஸ் மக்கள் 1968-க்கும் 1973-க்கும் இடையே தீவுகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். டியேகோ கார்சியாவில் அவர்கள் கண்முன்னேயே வளர்ப்பு நாய்களைப் பிடித்து நச்சுப்புகையால் கொன்றார்கள். பலரைப் போர்ட் லூயியில் இறக்கிவிட்டார்கள். அவர்களுக்கு வாய்த்தவை அந்நகரின் சேரிகள். சாகோஸைப் பிரித்தெடுத்ததால், காலனி ஆட்சியிலிருந்து மொரீசியஸின் விடுவிப்பு சட்டப்படி நிறைவடையவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கருத்துரை வழங்கியது. 2025 மே 22-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி தீவுகளின் இறையாண்மை மொரீசியஸைச் சேரும். டியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனின் பயன்பாட்டில் இருக்கும். மற்றத் தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீசியஸுக்கு அந்த ஒப்பந்தம் இடம் தருகிறது. டியேகோ கார்சியாவில் பிறந்து, இன்று முதுமையில் இருப்பவர்கள் அங்கே திரும்பிச் சென்று குடியிருக்க அதில் வழியில்லை.