கண் மருத்துவர் முணுமுணுத்த பாட்டு

சென்ற ஆண்டு வலக்கண்ணில் புரை முற்றி அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, ஆள் முழு நினைவோடு இருக்கும்போதே செய்து முடிக்கும் சிகிச்சை அது. மருத்துவர் கண்டிப்பானவர்; அதற்கு முன் மூன்று முறை பார்க்கப் போயும் என்னிடம் அவர் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பச்சைத் துணியால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இடம்விட்டு, விளக்கைத் தலைக்கு மேல் இழுத்த பிறகு, நடுக்கத்தை அடக்கிக்கொண்டு கிடந்த என் காதில் அவர் ஒரு பழைய திரைப்பாட்டை முணுமுணுப்பது விழுந்தது. பல்லவி சரியாகவே வந்தது. சரணத்தின் இரண்டாம் அடியில்தான் சொற்களை மாற்றிப் பாடினார். திருத்தச் சொல்லி நாக்கு துடித்தது; பேசினால் தலை அசையும் என்று முன்பே எச்சரித்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். மீண்டும் அந்த அடி வந்தபோதும் அதே பிழைதான். யாரும் திருத்த வராத ஓரிடத்தில், தமக்காக மட்டுமே, பல ஆண்டுகளாக இதைப் பாடிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. மறுவாரம் கண்ணைக் காட்டப் போனபோது அதே கடுகடுப்பு, அதே நான்கு சொற்கள். எனக்கு மட்டும் அவரிடமிருந்த பயம் போய்விட்டிருந்தது.

பெரிய தொழில்காரர்களிடம் பிடித்த பாட்டையும் புத்தகத்தையும் கேட்டு வெளியிடும் பட்டியல்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்ததுமே பதிலில் கொஞ்சம் பவுடர் ஏறிவிடும். ஆனாலும் அப்படிப்பட்ட பட்டியலில் மற்றவற்றோடு ஒட்டாமல் ஒன்று நிற்கும். ஆள் அங்கேதான் அகப்படுவார் என்பது என் எண்ணம்.

பிபிசி வானொலியில் 1942 ஜனவரியில் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். ஆளற்ற தீவில் தனியே விடப்பட்டால் உடன் கொண்டுபோக எட்டு இசைத்தட்டுகள், ஒரு புத்தகம், ஓர் ஆடம்பரப் பொருள் ஆகியவற்றை விருந்தினர் சொல்ல வேண்டும். பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவில் ஏற்கெனவே இருப்பதாகக் கணக்கு என்பதால், அவற்றைச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்ள முடியாது. நல்ல ஏற்பாடு.

1992 கிறிஸ்துமஸ் நாளன்று இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் அதில் கலந்துகொண்டார். பிராம்ஸ், பீத்தோவன், வாக்னர், மொட்சார்ட் என்று பட்டியல் போகிறது. நடுவே பீட்டில்ஸின் துள்ளலான பாட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு மாலைகளில் லக்சம்பர்க் வானொலியில் அந்த வார வரிசைப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் அவர். இசைத்தட்டு இயந்திரம் வாங்குவதைத் தந்தை வீண்செலவென்றே நினைப்பார் என்பதால், மலிவான உதிரிப்பாகங்களை வாங்கித் தாமே பூட்டிக்கொள்வதாகச் சொல்லி இசைய வைத்ததையும், உடலை முடக்கிய நரம்பு நோய் இன்னதென்று தெரிந்த 1963இல் தம் இருண்ட மனநிலைக்கு வாக்னர் பொருந்தியதையும் சொன்னார். புத்தகமாக அவர் கேட்டது ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்'. அது வளர்ந்தவர்களுக்கான நாவல் என்று சொல்லப்படுவதையும், தாம் இன்னும் வளர்ந்தாயிற்றா என்பது தமக்கே உறுதியில்லை என்பதையும் சொல்லி, முயன்று பார்க்கிறேன் என்றார். அண்டத்தின் தோற்றத்தை எழுதியவர், ஐம்பதைத் தொட்ட வயதில், படித்து முடித்த பெருமையைக் காட்டாமல், படிக்க விட்டுப்போனதைக் கேட்டார் என்பதில்தான் எனக்கு அவர் தெரிகிறார்.

இன்னும் ஒருபடி மேலே போய், இல்லாமற்போன விருப்பத்தையே எழுதிவைத்தவர் சார்லஸ் டார்வின். 1876இல், அறுபத்தேழு வயதில், பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய தன்வரலாற்றில் அந்தப் பகுதி வருகிறது. பீகிள் பயணத்தின்போது கப்பலைவிட்டு இறங்கி உள்நாட்டுக்குப் போகையில் ஒரே ஒரு புத்தகம்தான் தூக்க முடியும் என்றால், அவர் எடுத்துக்கொண்டது எப்போதும் மில்டனின் 'இழந்த சொர்க்கம்'. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் கிங்ஸ் கல்லூரி ஆலயப் பாடல்களைக் கேட்டு முதுகுத்தண்டு சிலிர்க்கும் என்கிறார். பாடகர் குழுச் சிறுவர்களைக் கூலி கொடுத்துத் தம் அறைக்கே வரவழைத்ததும் உண்டு. இத்தனைக்கும் சுருதியோ தாளமோ பிடிபடாத காது. வழக்கமான வேகத்தை மாற்றி வாசித்தால், நாட்டு வாழ்த்துப் பாடலைக்கூட அடையாளம் காணத் திணறுவார். நண்பர்கள் அப்படிச் சோதித்துச் சிரித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ஒரு வரிக் கவிதையும் தாங்கவில்லை. ஷேக்ஸ்பியர் குமட்டுமளவுக்குச் சலித்தார். தம் மூளை, குவிந்த தகவல்களை அரைத்துப் பொதுவிதிகளாகத் தள்ளும் இயந்திரமாகிவிட்டதோ என்று வருந்தி, மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக்கிக்கொள்வேன் என்றார். எஞ்சியவை வீட்டார் வாசித்துக் காட்டிய நாவல்கள். அவற்றின் முடிவு சோகமாக இருக்கக்கூடாது. சோக முடிவுக்கு எதிராகச் சட்டமே போட வேண்டும் என்று எழுதுகிறார். வாழ்க்கைப் போராட்டத்தில் உயிரினங்கள் அழிவதைக் கண்ணிமைக்காமல் எழுதியவர், கதையில் யாரும் துன்பப்பட்டு முடிவதைப் பொறுக்கவில்லை.

இதே டார்வின் பத்தியை 1975இல் சிகாகோவில் ஆற்றிய உரையில் எடுத்துப் பேசினார் விண்மீன்களை ஆராய்ந்த இயற்பியலாளர் சந்திரசேகர். ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படைப்பாற்றலைப் பார்த்த உரை அது. அவர் வீட்டை நினைத்தால் இது வியப்பாக இல்லை. தாய் சீதாலட்சுமி இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். தந்தை சி. சுப்பிரமணிய அய்யர் அரசின் கணக்குத் தணிக்கைத் துறை அதிகாரி. அவர்தாம் வயலின் வாசித்து, தென்னிந்திய இசையின் இலக்கணம் பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். அவருடைய தம்பி சி. வி. ராமனும் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக வேலை பார்த்தவரே. மிருதங்கத் தோலின் நடுவே இருக்கும் கரும்பூச்சு அதன் நாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று பின்னாளில் ஆராய்ந்தார். வங்கியில் தணிக்கைக்கு வந்தவர்களை முப்பத்தைந்து ஆண்டுகள் எதிர்கொண்டவன் நான். பேரேட்டைத் தாண்டி எங்களிடம் ஒருவரும் ஒரு ராகத்தைப் பற்றிப் பேசியதில்லை; நாங்களும் டீ வேண்டுமா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

இடக்கண்ணிலும் இப்போது புரை முற்றிவருகிறது. அதே மருத்துவரிடம்தான் போகிறேன். அந்த இரண்டாம் அடியின் சரியான சொற்களை இந்த முறை அவரிடம் சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "கண்கட்டைப் பிரிச்சதுக்கப்புறம் சொல்லிக்கோங்க" என்றாள்.