தக்காளி நாற்று வாங்கும்போது உயரத்தைக் கேளுங்கள்

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைப் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் நாற்று வாங்கும்போது காய் பெரிசா, புளிக்குமா என்றுதான் கேட்கிறார்கள். செடி எவ்வளவு உயரம் போகும் என்று யாரும் கேட்பதில்லை. மலையில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

ஒரு வகை ஓரளவு வளர்ந்ததும் உச்சிக் கொழுந்திலேயே பூங்கொத்து வைத்து அத்தோடு நின்றுவிடும், மிஞ்சிப் போனால் மூன்று, நாலு அடி. நம் அடிவாரத்துப் பெரியகுளத்தில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 இப்படிப்பட்டது. காய் பெரும்பாலும் ஒரே சமயத்தில் வந்துவிடும். இன்னொரு வகை நிற்கவே நிற்காது, ஏறக்குறைய மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று பூத்துக்கொண்டே ஆறு அடி, பத்து அடி என்று ஏறும், பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூரைக் குடிலில்) கயிறு கட்டி வளர்த்தால் அதையும் தாண்டும். இதைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரே ஒரு மரபணு. அதனால் எவ்வளவு உரம் கொட்டினாலும் குட்டை ரகம் நெட்டையாகாது.

காய் அளவை வைத்துச் செடியை எடைபோடவும் கூடாது. செர்ரி தக்காளியில் பல ரகங்கள் கூரையைத் தொடும். ஜன்னலோரத் தொட்டிக்கு வேண்டுமென்றால் மைக்ரோ டாம் இருக்கிறது, முக்கால் அடிக்குமேல் போவது அபூர்வம்.

சரி, மலைக்கு எது? மழையில்லாத மாதங்களில் குட்டை ரகம் போதும். மேகம் இறங்கி இலை நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும் காலத்தில் நெட்டை ரகம்தான் நல்லது என்பேன், ஏனென்றால் அதைக் குச்சி நட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றலாம், இலைகளுக்கு நடுவே காற்று போகும், இலைக்கருகல் பரவுவது குறையும். இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளையை விரல் நீளம் வருவதற்குள் கிள்ளிவிடுங்கள். விரலெல்லாம் பச்சைக் கறையும் தக்காளி வாசனையும் ஒட்டிக்கொள்ளும். குட்டை ரகத்தில் மட்டும் இப்படிக் கிள்ளாதீர்கள், அந்தக் கிளைகளில்தான் பெரும்பாலான காய் வரும்.

அப்புறம், கொடைக்கானல் கடைகளில் விற்கும் மரத்தக்காளி வேறு செடி. குடும்பம் ஒன்றுதான் என்றாலும் அது பத்தடிக்குச் சின்ன மரமாகவே நிற்கும், அதற்குத் தொட்டி சரிப்படாது, தரையில் இடம் விடுங்கள்.