வடம் தொட்ட கை

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு வெளியூர்க்காரர்களை வரச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறேன். இந்த முறை சென்னையில் இருந்து அலுவலக நண்பர் குடும்பத்தோடு வந்துவிட்டார். ஒன்பதாம் திருநாள் விடியும் முன்பே கீழ ரத வீதியில் நின்றோம்.

விநாயகர், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேஸ்வரர் என்று 5 தேர். சுவாமி தேர் சுமார் 450 டன். எந்த வண்டியும் இழுப்பதில்லை, முழுக்க மனுசக் கைதான். சக்கரத்துக்குப் பின்னால் தடி போடுகிறவர்கள் நெம்பிக் கொடுக்க, சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் வேகத்தைப் பிடித்து நிறுத்த, தேர் ஆடி அசைந்து நகரும். திருப்பத்தில் கட்டை தேய்ந்து புகை வரும். அந்த வாசனை எனக்குச் சின்ன வயசிலேயே பழக்கம்.

நண்பரின் மகள் வடத்தைத் தொடத் தயங்கினாள். பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி, "பயப்படாத தாயி, பிடி" என்று அவள் கையை எடுத்து வடத்தில் வைத்தார். வடம் அவள் கையை விட இரண்டு மடங்கு தடிமன். "நெல்லையப்பா!" என்று கூட்டம் எழுப்பிய சத்தத்தில் அவளும் கத்தினாள்.

அப்புறம் சாயங்காலம் சுடச்சுட அல்வா, மறுநாள் குற்றாலச் சாரல். ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பிள்ளை காட்டியது சிவந்திருந்த உள்ளங்கையைத்தான். அடுத்த ஆனிக்கு நீங்களும் வாங்க, வீட்டில் இடம் இருக்கு.