மூன்றாவது கட்டம்

போன அக்டோபரில் என் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு காலாவதியானது. ஆகஸ்ட்டிலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். பதில் என்று வந்தது ஒரு தானியங்கி மின்னஞ்சல் மட்டும்.

ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்களுக்கு விசா என்பது முதல் சில மாதங்களுக்குத்தான். அப்புறம் எல்லாமே இந்த பிளாஸ்டிக் அட்டைதான். வீட்டில் "விசா ரின்யூ ஆச்சா?" என்று கேட்டால் நானும் "இன்னும் இல்ல" என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் அரை மணி நேரம் ஆகும்.

காகிதங்களில் பெரிய சிரமம் இல்லை. பல்கலைக்கழகப் பதிவு, காப்பீடு, முகவரிப் பதிவு, மதிப்பெண் பட்டியல். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டுவதுதான் பாடு. மாதம் 992 யூரோ, அதாவது வருடத்துக்கு 11,904. பாதிக்குப் பகுதி நேர வேலையின் ஒப்பந்தம், மீதிக்கு பிளாக்ட் அக்கவுண்ட் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) என்று ஒட்டுப்போட்டுச் சமாளித்தேன்.

கார்டு காலாவதியான மறுவாரமே நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத் துறையின் செயலாளர் கூப்பிட்டார். "பெர்மிட் முடிஞ்சிருக்கே, வேலை எப்படி?" பழைய பெர்மிட் முடியும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை அது செல்லுபடியாவதாகவே சட்டம் கருதும், வேலை உரிமையும் சேர்ந்தே தொடரும். இதைச் சொன்னால் போதாது, தாளில் காட்ட வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங். பெயரிலேயே 'ஃபிக்ஷன்' இருக்கிறது. என் இருப்பே ஒரு கற்பனை என்று அரசாங்கம் கொடுக்கும் சான்றிதழ்!

டிசம்பரில் ஊரில் அக்கா கல்யாணம். அந்தத் தாள் இல்லாமல் போனால் திரும்பி வர முடியாது. பெர்மிட் கொடுக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மூன்று மெயில் போட்டு, நாலாவதில் கல்யாணப் பத்திரிகையையே இணைத்த பிறகுதான் நேரம் ஒதுக்கினார்கள்.

பத்து நிமிட வேலை. மூன்றாக மடித்த தாள், 13 யூரோ. உள்ளே மூன்று கட்டங்கள், மூன்றாவதில் ஒரு பெருக்கல் குறி. கவுன்டரில் இருந்த அம்மா அந்தக் குறியை விரலால் தட்டிக் காட்டி, "இது இருந்தால் போகலாம், வரலாம். முதல் கட்டமாக இருந்தால் இங்கே தங்கலாம், ஆனால் வெளியே போனால் இதை வைத்துத் திரும்ப முடியாது" என்றார். பத்து வார்த்தை ஜெர்மன் முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது விமான நிறுவனத்தின் கவுன்டரில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்த பையன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எக்ஸ்பையர் ஆயிருக்கு சார்." தாளை நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு யாருக்கோ ஃபோன் போட்டான். பின்னால் வரிசை நீண்டது. நான் நகத்தால் மூன்றாவது கட்டத்தைக் காட்டிக்கொண்டே நின்றேன், ஏதோ ஜாதகம் பார்க்கிற மாதிரி. இருபத்தைந்து நிமிடம் கழித்து போர்டிங் பாஸ் வந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் எல்லைக் காவலர் பத்து நொடிகூடப் பார்க்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் இரண்டு விஷயம் செய்யுங்கள். கார்டு முடிவதற்கு முன்னால் விண்ணப்பித்த தேதி தெரியும் ரசீதைப் பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தள்ளிப் போனாலும் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. பழைய கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், தாளோடு அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

புதிய கார்டு பிப்ரவரியில் வந்தது. வாங்கும்போது அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, மூன்றாவது கட்டம் தெரிகிற மாதிரி பிரித்தே பிடித்தார்.